பயிற்சி முடிந்த மறுநாள்: சோமாலியாவின் செய்தியாளர்கள்

சோமாலியர் இருவர் வழியில் எதிர்ப்பட்டால் முதலில் கேட்பது ‘இஸ்கா வர்ரன்?’ என்பதுதான். உன்னைப் பற்றிய சேதியைச் சொல் என்று பொருள். நம் ஊரில் ‘என்ன சேதி?’ என்று கேட்கிற மாதிரிதான். ஆனால் ஒட்டகமும் ஆடும் மேய்த்துப் பிழைக்கும் சமூகத்தில் அந்தக் கேள்வி உபசாரத்தோடு நிற்பதில்லை. எந்தப் பக்கம் மழை பெய்திருக்கிறது, எந்தக் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, எந்த இரண்டு குலங்களுக்குள் சண்டை மூண்டிருக்கிறது என்று தெரியாமல் மறுநாள் மந்தையை ஓட்ட முடியாது. ‘வர்’ என்றால் செய்தி. அதிலிருந்து வந்த ‘வரியே’ என்ற சொல்தான் இன்று அங்கே நிருபரைக் குறிக்கிறது. செய்தி கிடைத்தால் யோசனை கிடைக்கும் என்று அவர்களிடம் ஒரு பழமொழியும் உண்டு.

அந்தச் சமூகத்தில்தான் 1992 முதல் 70-க்கும் மேற்பட்ட செய்தியாளர்கள் கொல்லப்பட்டிருக்கிறார்கள். செய்தியாளரைக் கொன்றவர்கள் தண்டனை இல்லாமல் தப்பும் நாடுகளின் பட்டியல் ஒன்றைப் பத்திரிகையாளர் பாதுகாப்புக் குழு ஆண்டுதோறும் வெளியிடுகிறது. 2015 தொடங்கி 2022 வரை எட்டு ஆண்டுகள் அதில் சோமாலியாவுக்கே முதலிடம். 2023-இல் இரண்டாமிடம், 2024-இல் ஹைத்தி, இஸ்ரேலுக்கு அடுத்து மூன்றாமிடம். இதை முன்னேற்றம் என்று எண்ணிவிடக் கூடாது. அந்தப் பட்டியல் பத்தாண்டுக் கொலைகளை மட்டுமே கணக்கில் எடுக்கிறது. 2012 என்ற கொடிய ஆண்டு கணக்கை விட்டு நகர்ந்துவிட்டது. அதில் செத்தவர்களுக்கு நீதி கிடைத்துவிடவில்லை.

இதே முப்பது ஆண்டுகளில்தான் சோமாலியச் செய்தியாளர்களுக்குப் பயிற்சி கொடுக்க வெளிநாட்டுப் பணம் கொட்டியது. ஐ.நா. அமைப்புகள், பிரிட்டன், சுவீடன், டென்மார்க், அமெரிக்கா எனப் பலரும் வந்தார்கள். பயிலரங்குகள் நடந்தன, கையேடுகள் அச்சாயின, சான்றிதழ்கள் வழங்கப்பட்டன. இத்தனைக்கும் பிறகு சொந்தக் காலில் நிற்கும் செய்தி நிறுவனங்கள் அங்கே ஏன் இவ்வளவு குறைவு? இந்தக் கேள்விக்கு விடை தேட, கொஞ்சம் பின்னே போக வேண்டும்.

சோமாலி மொழிக்கு அதிகாரபூர்வமான எழுத்து கிடைத்ததே 1972-இல்தான். அதற்கு முன் அரபு எழுத்தா, இலத்தீன் எழுத்தா, உஸ்மான் யூசுப் கெனதித் 1920-களில் உருவாக்கிய உள்நாட்டு எழுத்தா என்று பல காலம் வாதம் நடந்தது. சியாத் பாரேயின் ராணுவ அரசு அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று இலத்தீன் எழுத்தை அறிவித்தபோது, மொகதீஷு நகரின் மேல் ஹெலிகாப்டரிலிருந்து வண்ணத் துண்டறிக்கைகள் வீசப்பட்டன. அடுத்த ஆண்டே ‘ஹித்திக்தா ஒக்தோபர்’ என்ற அரசு நாளேடு அந்த எழுத்தில் வெளிவந்தது. 1974-இல் பள்ளிகளை மூடிவிட்டு ஏறக்குறைய 25,000 மாணவர்களையும் ஆசிரியர்களையும் நாடோடிக் குடிகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க அனுப்பினார்கள். அந்தச் சாதனையை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் எழுத்தைத் தந்த அதே கைதான் எதை எழுதலாம் என்பதையும் தீர்மானித்தது. நாளேடு அரசுடையது, வானொலி அரசுடையது. அரசைக் கேள்வி கேட்ட கவிஞர் ஹத்ராவி 1973-இல் சிறைக்குப் போய் ஐந்தாண்டு உள்ளே இருந்தார்.

ஆக, அச்சுக்கு வயது ஐம்பதுதான்; வானொலியோ அதற்கும் மூத்தது. ஹர்கைசாவில் 1943-இல் ஆங்கிலேயர் ஒரு சிறு நிலையம் தொடங்கினார்கள். மொகதீஷு வானொலி 1951-இல் இத்தாலியர் பொறுப்பில் இருந்த காலத்தில் வந்தது. பிபிசியின் சோமாலி ஒலிபரப்பு 1957 ஜூலையில், நாடு விடுதலை பெறுவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே தொடங்கிவிட்டது. காதால் கேட்டு, மனத்தில் ஏற்றி, மறுபடி சொல்லும் மரபில் வந்தவர்களுக்கு வானொலிதான் இயல்பான ஊடகம். அரசு வானொலியில் சொல்ல முடியாததை ஒலிநாடா சொன்னது. 1979-80-இல் கவிஞர்கள் ஒருவருக்கொருவர் பதில் பாடிய ‘தீல்லே’ கவிதைத் தொடர் கைக்குக் கை பிரதியெடுத்த கேசட்டுகளில்தான் நாடெங்கும் போனது. அரசியல் விமர்சனத்தை மக்களிடம் கொண்டு சேர்க்கும் முறை அவர்களுக்கு வெளியிலிருந்து வந்து யாரும் கற்றுத்தர வேண்டிய ஒன்றாக இருக்கவில்லை. பயிற்சி கொடுக்க வந்தவர்களில் பலர் இதை மறந்துவிட்டு, வெற்றுப் பலகையில் எழுத வந்தவர்களைப் போல நடந்துகொண்டார்கள் என்பதே என் முதல் குறை.

1991-இல் சியாத் பாரே அரசு விழுந்தது. சோமாலி தேசியப் பல்கலைக்கழகம் மூடியது, அது மறுபடி திறக்க 2014 ஆயிற்று. ஒரு தலைமுறைக்குச் செய்தித் தொழிலை முறையாகக் கற்க இடம் அரிதாயிற்று. ஆயுதக் குழுத் தலைவர்கள் ஆளுக்கொரு ஒலிபரப்பி வைத்துக்கொண்டு தங்கள் குலத்தின் குரலாக அதை நடத்தினார்கள்.

1999-இல்தான் மாற்றம் வந்தது. கனடாவில் குடியேறியிருந்த அலி இமான் ஷர்மார்க்கே, அகமது அப்திசலாம் ஆதன், முகமது எல்மி ஆகிய மூவர் அங்கிருந்த வாழ்க்கையை விட்டு மொகதீஷு திரும்பி, ‘ஹார்ன் ஆஃப்ரிக்’ என்ற வானொலியைத் தொடங்கினார்கள். எந்த ஆயுதக் குழுவுக்கும் சொந்தமில்லாத நிலையம் அது. தொலைபேசியில் அழைத்துச் சாதாரண மனிதர்கள் ஆயுதக் குழுத் தலைவர்களை நேருக்கு நேர் கேள்வி கேட்டார்கள். அந்த நிலையமே ஒரு பள்ளிக்கூடமாக இருந்தது. புதிதாக வந்த பையன் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு மூத்தவர் பின்னால் போவான். சாயங்காலம் அவன் எழுதியதை ஆசிரியர் உட்கார்ந்து அடித்துத் திருத்துவார். தொழில் இப்படித்தான் கையிலிருந்து கைக்குப் போகிறது.

2007 ஆகஸ்ட் 11. காலையில் ஹார்ன் ஆஃப்ரிக்கின் இன்னொரு நிலையமான கேப்பிட்டல் வாய்ஸின் தலைவர் மகத் அகமது எல்மி வேலைக்குப் போகும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். நேயர்கள் அழைத்துக் குறை சொல்லும் காலை நிகழ்ச்சியை நடத்தியவர் அவர்தான். அன்றே அடக்கம் நடந்தது. அடக்கம் முடித்துக் காரில் திரும்பும்போது சாலையோரக் குண்டு வெடித்து ஷர்மார்க்கேயும் இறந்தார். உடனிருந்த ராய்ட்டர்ஸ் செய்தியாளர் காயத்தோடு தப்பினார். ஒரே நாளில் ஒரு நிறுவனம் தன் நிலையத் தலைவரையும் நிறுவனரையும் இழந்தது. 2009 பிப்ரவரியில் ஹார்ன் ஆஃப்ரிக்கின் அடுத்த தலைவர் சையித் தஹ்லில் அகமது பகாரா சந்தையில் சுடப்பட்டார். மொகதீஷுவின் இன்னொரு தனியார் நிலையமான ரேடியோ ஷபெல்லேயின் கதை இதைவிடக் கொடியது: பஷீர் நூர் கேதி 2007-இல், முக்தார் முகமது ஹிராபே 2009-இல், ஹசன் உஸ்மான் அப்தி 2012-இல். மூன்று பேரும் அந்த நிலையத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர்கள்.

பலியானவர்களின் எண்ணிக்கையைச் சொல்லும் அறிக்கைகள் ஒன்றைக் கவனிப்பதில்லை. கொல்லப்பட்டவர்களில் பலர் மற்றவர்களுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர்கள். தலைவரும் ஆசிரியரும் மூத்த நிருபரும் போன பின், இருபது வயதுப் பிள்ளைகள் செய்தி அறையை நடத்தினார்கள். நைரோபிக்கும் கம்பாலாவுக்கும் ஐரோப்பாவுக்கும் தப்பிப் போன மூத்தவர்கள் இன்னொரு பங்கு. சோமாலியாவில் இதழியல் பயிற்சி பற்றிப் பேசுகிற எவரும் இந்த இழப்பிலிருந்துதான் பேச்சைத் தொடங்க வேண்டும்.

எஞ்சியவர்கள் எப்படித் தாக்குப்பிடித்தார்கள் என்பதற்கு ஒரு காட்சி. 2010 ஏப்ரலில் ஹிஸ்புல் இஸ்லாம் என்ற ஆயுதக் குழு வானொலியில் இசையே கூடாது என்று பத்து நாள் கெடு விதித்தது. செய்திக்கு முன் வரும் முகப்பு இசையும் சேர்த்தி. மொகதீஷுவின் நிலையங்கள் அடிபணிந்தன, ஆனால் செய்தியை நிறுத்தவில்லை. முகப்பு இசை வர வேண்டிய இடத்தில் சேவல் கூவியது, தவளை கத்தியது, கடல் அலை இரைந்தது, ஒரு நிலையத்தில் துப்பாக்கிச் சத்தம் ஒலித்தது. அதன் பிறகு செய்தி. எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் இல்லாத பாடம் இது.

இனி பயிலரங்கைப் பார்ப்போம். வழக்கமான வடிவம் இதுதான்: பாதுகாப்பு மிகுந்த ஒரு ஓட்டல், இருபது முப்பது பேர், மூன்று நாள், வெளிநாட்டுப் பயிற்சியாளர், கூடவே மொழிபெயர்ப்பாளர். நடுநிலை, இரண்டு தரப்பையும் கேட்டல், பாலினப் பார்வை என்று தலைப்புகள். வருகிறவர்களுக்குப் படிக்காசு, கடைசி நாள் சான்றிதழ், குழுப் படம். பணம் கொடுத்தவருக்கு அறிக்கை போகும்: இத்தனை பேருக்குப் பயிற்சி, அதில் இத்தனை பேர் பெண்கள். ஓட்டல் வாசலைத் தாண்டி நிருபர் தன் நிலையத்துக்குத் திரும்பிய பிறகு நடப்பது அந்த அறிக்கையில் வராது.

அங்கே அவருக்குச் சம்பளம் மாதாமாதம் வருவதில்லை. சில நிலையங்களில் வருவதே இல்லை. அவரை வாழவைப்பது ‘ஷரூர்’. செய்தியாளர் சந்திப்பு முடிந்ததும் அழைத்தவர் தரும் பணத்துக்கு அங்கே அதுதான் பெயர். தமிழ்நாட்டுச் செய்தியாளர்கள் ‘கவர்’ என்று சொல்வார்களே, அதேதான். ஓர் அரசியல்வாதியோ தொண்டு நிறுவனமோ வணிகரோ கூட்டம் நடத்துகிறார். முடிவில் போக்குவரத்துச் செலவு என்று ஆளுக்குக் கொஞ்சம் கொடுக்கிறார். வாங்கியவர் செய்தியைப் போட்டாக வேண்டும், கொடுத்தவர் விரும்பிய விதத்தில் போட்டாக வேண்டும். சில இடங்களில் அந்தப் பணத்தில் ஆசிரியருக்கும் ஒரு பங்கு உண்டு. நடுநிலை பற்றி மூன்று நாள் கேட்டுவிட்டு வந்தவர், நாலாவது நாள் வீட்டு வாடகைக்கு ஷரூரை எதிர்பார்த்து நிற்கிறார். இவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த எனக்கு மனமில்லை. சம்பளம் பேசாமல் அறநெறி மட்டும் பேசிய பயிற்சித் திட்டங்களைத்தான் அந்தக் கூண்டில் நிறுத்த வேண்டும். பயிலரங்குகளில் கொடுத்த படிக்காசே சிலருக்கு மாத வருமானத்தில் முக்கியமான பகுதியாகிவிட்டது. ஒரே ஆள் ஒரே பாடத்தை நாலைந்து அமைப்புகளிடம் கேட்டதும் அதனால்தான்.

அடுத்தது சட்டம். 2013 ஜனவரியில் மொகதீஷுவில் ஓர் இளம் நிருபர், பாதுகாப்புப் படையினர் தன்னை வல்லுறவுக்கு ஆளாக்கியதாகச் சொன்ன ஒரு பெண்ணைப் பேட்டி எடுத்தார். அவர் அதை வெளியிடக்கூட இல்லை. இருவரும் கைதானார்கள், பிப்ரவரியில் இருவருக்கும் ஓராண்டுச் சிறை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உலகெங்கும் எதிர்ப்பு எழுந்தது. மேல்முறையீட்டில் பெண் முதலில் விடுவிக்கப்பட்டார், மார்ச்சில் நிருபரும் விடுதலையானார். 2012-இன் இடைக்கால அரசியல் சட்டம் 18-ஆம் பிரிவில் கருத்துரிமையைத் தெளிவாக எழுதிவைத்திருக்கிறது. ஆனால் காவல் நிலையத்தில் புழங்குவது 1964 முதல் நடப்பிலிருக்கும் பழைய தண்டனைச் சட்டம். அரசை அவமதித்தல், பொய்ச் செய்தி பரப்புதல் போன்ற குற்றங்கள் அதில் எந்த நிருபர் மீதும் போடும்படி விரிந்து கிடக்கின்றன. 2016-இல் வந்து 2020-இல் திருத்தப்பட்ட ஊடகச் சட்டமும் அமைச்சகத்தின் பிடியைத் தளர்த்தவில்லை. 2022 அக்டோபரில் தீவிரவாதக் கருத்தைப் பரப்பக் கூடாது என்று தகவல் அமைச்சகம் ஓர் ஆணை வெளியிட்டது. அது செய்தியாளர்களை ஆபத்தில் தள்ளும் என்று சொன்ன சோமாலியப் பத்திரிகையாளர் சிண்டிகேட்டின் பொதுச் செயலாளர் அப்தல்லே அகமது முமின் சில நாட்களில் கைதானார். அடுத்த ஆண்டு அவருக்குச் சிறைத் தண்டனையும் விதிக்கப்பட்டது. வடக்கே தனி ஆட்சி நடத்தும் சோமாலிலாந்தில் நாளேடுகள் பல இருந்தும், 2002 முதல் தனியார் வானொலிக்குத் தடை. காதால் கேட்டு வாழும் மக்களுக்கு உள்நாட்டில் இருப்பது அரசு வானொலி மட்டும்.

செய்தியாளரை மிரட்ட ஒருபுறம் அல்-ஷபாப் என்ற இஸ்லாமிய ஆயுதக் குழு, மறுபுறம் அரசின் உளவுப் படை. ஹசன் ஹனாஃபி என்பவர் ஒருகாலத்தில் வானொலிச் செய்தியாளராக இருந்தவர். பிறகு அல்-ஷபாபில் சேர்ந்து, தன் பழைய சகாக்களைத் தொலைபேசியில் மிரட்டும் ஆளாக மாறினார். செய்தியாளர் கொலைகளில் பங்கு நிரூபணமாகி, மரண தண்டனை விதிக்கப்பட்டு, 2016 ஏப்ரலில் சுட்டுக் கொல்லப்பட்டார். மரண தண்டனையை நான் ஏற்பவன் அல்லன். அதைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும் எழுபது கொலைகளில் தீர்ப்பு வரை போனவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றிலும் அரசுப் படையினரின் கை இருந்ததாகச் சொல்லப்பட்ட வழக்குகளைத் தேட வேண்டியிருக்கிறது.

எல்லாமே தோல்வி என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். இரண்டு முயற்சிகளைக் கிட்டே போய்ப் பார்க்கலாம்.

ஒன்று, ரேடியோ எர்கோ. 2011-இல் பஞ்சம் கவிந்த காலத்தில் டென்மார்க்கின் இண்டர்நேஷனல் மீடியா சப்போர்ட் என்ற அமைப்பு நைரோபியிலிருந்து தொடங்கிய சோமாலி வானொலி. குலச் சண்டையிலும் அரசியல் பேரத்திலும் அது காலை விடுவதில்லை. தண்ணீர், கால்நடை நோய், விதை விலை, வெள்ளம், அகதி முகாம் இவைதான் அதன் செய்தி. நேயர் ஓர் எண்ணுக்குக் கட்டணமில்லாமல் அழைத்துத் தன் குரலைப் பதிவுசெய்யலாம். எங்கோ ஒரு மேய்ச்சல் நிலத்திலிருந்து, ஆடுகள் கழிந்து சாகின்றன, என்ன நோய் என்று தெரியவில்லை என்று ஒருவர் சொல்கிறார். அந்தக் குரலை நைரோபியில் கேட்கிறார்கள், வகை பிரிக்கிறார்கள், அந்தப் பகுதி நிருபரிடம் விஷயத்தை ஒப்படைக்கிறார்கள். அவர் நேரில் போய் விசாரித்து அனுப்பும் செய்தியில் கால்நடை மருத்துவரின் பதிலும் இருக்கும். அனுப்பிய ஒவ்வொரு செய்தியையும் ஆசிரியர் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்புவார்: விலை என்ன, எத்தனை குடும்பம், யார் சொன்னது? ஒவ்வொரு வாரமும் நடக்கும் இந்தத் திருத்தமே பயிற்சி. ‘இஸ்கா வர்ரன்’ என்ற பழைய கேள்வி அங்கே தன் பழைய வேலையையே செய்கிறது.

மற்றொன்று பிலான் மீடியா. 2022 ஏப்ரலில் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் நிதியில், மொகதீஷுவின் தல்சான் ஊடக நிறுவன வளாகத்தில் தொடங்கிய, பெண்கள் மட்டுமே நடத்தும் செய்தி அறை. நாட்டில் அதுவே முதல். அதுவரை பெண்கள் வானொலியில் இல்லாமல் இல்லை. வாசிப்பாளர்களாக இருந்தார்கள், ஆசிரியர் நாற்காலி அவர்களுக்கு வரவில்லை. பதவி உயர்வு கேட்டால் பேரம் பேசும் ஆண்கள், ‘வீட்டுப் பெண் கேமராவோடு தெருவில் நிற்பதா’ என்று தடுக்கும் குடும்பம், அல்-ஷபாபின் மிரட்டல் என்று மூன்று மதில்கள். பிலானில் தலைமை ஆசிரியர் முதல் ஒளிப்பதிவாளர் வரை பெண்கள்; அவர்களுக்கு ஒழுங்கான சம்பளம்; கூடவே மூத்த செய்தியாளர்கள் பக்கத்தில் உட்கார்ந்து தரும் வழிகாட்டுதல். எச்ஐவி தொற்றோடு ஒளிந்து வாழ்பவர்கள், போதைக்கு அடிமையான பெண்கள், வீட்டில் கட்டிப்போடப்பட்ட ஆட்டிசக் குழந்தைகள் என்று ஆண் நிருபரை உள்ளே விடாத வீடுகளுக்குள் அவர்கள் போனார்கள். அங்கே வாசலைத் திறந்துவைத்தது நிருபர் பெண் என்பதுதான்.

இந்த இரண்டிலும் பொதுவாக இருப்பவை சம்பளம், ஆசிரியர், ஆண்டுக்கணக்கில் தொடரும் உறவு. ஓட்டல் பயிலரங்கில் இந்த மூன்றும் இல்லை. சுவீடனின் ஃபோயோ ஊடகப் பயிற்சி நிறுவனமும் பாதுகாப்பு ஏற்பாடுகள், சங்கங்கள் என்று பயிலரங்கைத் தாண்டி நகர முயன்றிருக்கிறது. ஆனால் செய்தியாளர் சங்கங்களே பிளவுபட்டு, நாங்கள்தான் உண்மையான சங்கம் என்று ஒன்றையொன்று மறுத்துக்கொண்டிருப்பது பெரிய இடையூறு. அரசு தனக்கு ஒத்துப்போகிற பிரிவை அங்கீகரிக்கிறது. கைதாகும் நிருபருக்காக யார் பேசுவது என்பதே தகராறாகிறது.

பயிற்சித் திட்டங்கள் தொடவே தொடாத ஒன்று, மொழி. சோமாலியில் ‘மஹா’, ‘மாய்’ என்று இரண்டு பெரும் வழக்குகள் உண்டு. பைதோவாவைச் சுற்றிய தென்மேற்கில் பயிர் செய்யும் மக்கள் பேசும் மாய், மற்றவருக்கு எளிதில் புரியாத அளவு விலகியது. 1972-இன் எழுத்தும் நாளேடும் செய்தி வாசிப்பும் மஹாவிலேயே அமைந்தன. 1992-இலும் 2011-இலும் பஞ்சத்தில் மிக மோசமாக அடிபட்டவர்கள் அந்தத் தென்பகுதி மக்கள். பசியால் சாகிறவர்களின் பேச்சில் செய்தி சொல்ல ஆள் தயார் செய்வது பாடத்திட்டத்தின் ஓர் ஓரத்தில் வர வேண்டியதா, நடுவில் வர வேண்டியதா?

இன்று வானொலியின் இடத்தைக் கைபேசி பிடிக்கிறது. ஒரு கைபேசியும் பேஸ்புக் பக்கமும் இருந்தால் எவரும் ‘வரியே’ ஆகலாம். குலச் சண்டை பற்றிய ஒரு பொய்ப் படம், நிருபர் அந்த ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் துப்பாக்கிகளை எழுப்பிவிடும். 2023 ஆகஸ்டில் அரசு டிக்டாக், டெலிகிராம் செயலிகளுக்குத் தடை அறிவித்தது. தடை போடும் வேகத்தில் பாதியை உண்மை சரிபார்க்கும் நிருபர்களை வளர்ப்பதில் காட்டியிருந்தாலும் பயன் இருந்திருக்கும்.

2025 மார்ச்சில் அமெரிக்க அரசின் ஆணையால் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா ஒலிபரப்பு நிறுவனம் முடங்கியது. 2007-இல் புத்துயிர் பெற்ற அதன் சோமாலிப் பிரிவின் ஊழியர்களும் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். ஜூலையில் அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி அமைப்பான யு.எஸ்.எய்ட் மூடப்பட்டது. ஐரோப்பிய நாடுகளும் உதவித் தொகையைக் குறைக்கின்றன. வெளிநாட்டுப் பணத்தில் நின்ற நிலையங்களுக்கு இது பெரிய அடி. சோமாலிய வணிகர்களிடம் பணம் இல்லாமல் இல்லை. கைபேசிவழிப் பணப் பரிமாற்றம் மிகப் பரவலாகப் புழங்கும் நாடு அது. தொலைபேசி நிறுவனங்கள் தரும் விளம்பரம்தான் பல நிலையங்களின் மூச்சு. அந்த நிறுவனங்களைப் பற்றிக் குறை சொல்லும் செய்தி அபூர்வமாக வருவதும் அதனால்தான்.

கிடைக்கும் பணம் சுருங்கும் இந்த நேரத்தில், அதை எங்கே போடுவது என்பதில் இனி தயக்கம் கூடாது. நூறு பேருக்கு மூன்று நாள் பயிலரங்கு வேண்டாம். பைதோவா, கல்காயோ, கிஸ்மாயோ, பெலெத்வெய்னே போன்ற ஊர்களில் ஒவ்வொரு நிலையத்திலும் அனுபவமுள்ள ஓர் ஆசிரியரை மூன்று நான்கு ஆண்டு முழுச் சம்பளத்தில் உட்கார வையுங்கள். நைரோபியிலும் டொராண்டோவிலும் லண்டனிலும் இருக்கும் பழைய ஹார்ன் ஆஃப்ரிக், ஷபெல்லே ஆட்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், வேலை தெரிந்தவர்கள். திரும்ப முடியாதவர்கள் தொலைபேசி வழியாகவே ஓர் இளம் நிருபரின் செய்தியைத் தினமும் திருத்தலாம். ஒவ்வொரு நிருபருக்கும் ஒரு வழக்கறிஞரின் எண் தெரிந்திருக்கட்டும், அந்த வழக்கறிஞருக்கும் யாரோ சம்பளம் கொடுக்கட்டும்.

2007 ஆகஸ்ட் 11 அன்று கொல்லப்பட்ட எல்மியும் ஷர்மார்க்கேயும் தங்கள் நிலையத்தில் இளையவர்களுக்குத் தொழில் சொல்லிக்கொடுக்கும் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.